இல்லை என்று எப்படி அறிவது?

ஒரு பொருள் இல்லை என்பதை எந்த அளவையால், அதாவது அறியும் எந்த வழியால், அறிகிறோம் என்பது இந்தியத் தத்துவத்தின் பழைய வழக்கு. தரையில் குடம் இல்லை என்ற அறிவு காண்டலிலேயே அடங்கும் என்றார்கள் நியாயவாதிகள். அதற்குத் தனி அளவையே வேண்டும் என்றார் 7ஆம் நூற்றாண்டு மீமாம்சகர் குமாரிலர். பிறர் எண்ணிய அளவைகளில் அபாவம் எனும் இன்மையையும் குறிப்பிடும் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கிவிடுகிறது. அளவைகளின் எண்ணிக்கையைவிடப் பௌத்தர் தர்மகீர்த்தி வலியுறுத்திய நிபந்தனையே எனக்குப் பெரிதாகப் படுகிறது: இருந்திருந்தால் கண்ணில் பட்டே இருக்கும் என்ற நிலையில்தான், படாமை இன்மைக்குச் சான்றாகும். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பதால் எதுவும் நிறுவப்படுவதில்லை.

தரவுத்தளத்தில் ஒரு நெடுவரிசையை நீக்குகிறவர் இந்த நிபந்தனைக்கு நேர் எதிரே நிற்கிறார். வாடிக்கையாளர் அட்டவணையில் தொலைநகல் எண் இனி வேண்டாம்; அதை நம்பியிருக்கும் நிரல் எங்காவது உண்டா? போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் பாதிக் கேள்விக்கு உறுதியான விடை தருகிறது. ஒரு வியூ அந்த நெடுவரிசையை எடுத்தாண்டால் அந்தச் சார்பு உள்ளே பதிவாகியிருக்கும். நீக்கும் கட்டளை மறுக்கப்படும். ஆனால் பிஎல்/பிஜிஎஸ்கியூஎல் ஃபங்ஷனின் உடலை அது வெறும் எழுத்துச் சரமாகவே வைத்திருக்கிறது. நெடுவரிசை போன பிறகும் ஃபங்ஷன் அப்படியே கிடக்கும். அந்த வரி ஓடும் நாளில்தான் பிழை வெளிப்படும். பயன்பாட்டு நிரலிலோ, துண்டுகளை ஒட்டி உருவாக்கும் வினவலில் நெடுவரிசையின் பெயர் முழுதாக எங்குமே எழுதப்பட்டிராது. சொல்தேடலில் அது சிக்காததை எதற்கும் சான்றாகக் கொள்ள முடியாது.

அப்படியானால் எதையுமே இல்லை என்று சொல்ல முடியாதே என்று கேட்கலாம். வியூக்களைப் பற்றிச் சொல்ல முடியும். அங்கே விளக்கு எரிகிறது. சோதனைகள் எல்லாம் தேறிவிட்டனவே என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஆனால் சோதனை ஓட்டிப் பார்த்த வரிகளுக்கு மட்டுமே அது சாட்சி. ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் அறிக்கை பெரும்பாலும் அதற்கு வெளியே இருக்கும். பிழை வந்தால் திருத்திக்கொள்ளலாம் என்பவர்கள், அந்தப் பிழையில் மாட்டிக்கொள்பவர் வேறொருவர் என்பதை மறக்கிறார்கள். நீக்கிய தரவும் காப்புப் பிரதியிலிருந்துதான் திரும்ப வேண்டும். நீக்குவதற்குமுன் நெடுவரிசைக்கு வேறு பெயர் சூட்டி, ஆண்டுக் கணக்கு முடியும்வரை பிழைப்பதிவுகளைக் கவனித்தால், சிக்கல் வந்ததும் பழைய பெயரை உடனே திருப்பித் தரலாம். நீக்கக் கோரும் குறிப்பில் யாரும் பயன்படுத்தவில்லை என்று எழுதாதீர்கள். எங்கெங்கே தேடினீர்கள், எங்கே தேட வழியில்லை என்று எழுதுங்கள்.