புரட்டாசி விலையும் ஹலாலான வியாபாரமும்



நமது கொங்கு நாட்டில் ஆட்டு விலைக்கென்று தனியாக ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஆடியில் கிடாவெட்டு, விலை ஏறும். புரட்டாசி பிறந்தால் இந்துச் சகோதரர்கள் பலர் புலால் உண்ண மாட்டார்கள். கோவைக் கறிக்கடைகளில் கூட்டம் குறையும். குண்டடம், புஞ்சைப் புளியம்பட்டி சந்தைகளில் ஆட்டு விலை இறங்கும். தீபாவளி நெருங்கினால் மறுபடி ஏறும். நமது பிறை ஆண்டோ சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. ஆகவே ஹஜ்ஜுப் பெருநாள் எல்லா மாதங்களையும் சுற்றி வருகிறது. 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் அது புரட்டாசியிலேயே வந்தது. 2025-ல் வைகாசிக்கு வந்துவிட்டது.

இந்த ஏற்ற இறக்கத்தில் குற்றமில்லை. மதீனாவில் விலைவாசி உயர்ந்தபோது, விலையை நிர்ணயித்துத் தருமாறு ஸஹாபாக்கள் வேண்டியும் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். புரட்டாசியில் மலிவாகக் குட்டி வாங்கி, வீட்டில் வளர்த்துக் குர்பானி கொடுப்பதும் நல்ல காரியமே. ஹனஃபி மத்ஹபில் வெள்ளாட்டுக்கு ஓராண்டும் ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டாண்டும் நிறைந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஆனால் பருவத்தைச் சாக்காக வைத்துப் பொய் சொல்வது வேறு விஷயம். ஒரு மூதாட்டி இரண்டு வெள்ளாடுகளை ஓட்டிக்கொண்டு சந்தைக்கு வருகிறார். வியாபாரி ஒருவர் சாலையிலேயே மறித்து, "புரட்டாசி மாசமுங்க ஆத்தா, உள்ளே போனாக் கேக்கறதுக்கு ஆளில்லைங்க" என்று சொல்லிப் பாதி விலைக்குப் பிடித்துவிடுகிறார். உள்ளேயோ வெளியூர்க்காரர்கள் நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்!

சந்தைக்குச் சரக்கு கொண்டுவருவோரை வழியில் எதிர்கொண்டு வாங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். இவ்வாறு ஏமாற்றப்பட்டவர் சந்தை நிலவரம் அறிந்த பின் விற்பனையை முறித்துக்கொள்ளலாம் என்பது ஷாஃபிஈ சட்டம். விலையை மறைத்து வாங்குவது மக்ரூஹ் தஹ்ரீமி என்பது ஹனஃபி சட்டம். பாவம் என்பதில் இரு தரப்பிலும் சந்தேகமில்லை.

"விற்பவர் மாற்று மதத்தவர்தானே?" என்று சிலர் மெல்லக் கேட்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தம் கவசத்தை ஒரு யூதரிடம் அடகு வைத்தல்லவா வாற்கோதுமை வாங்கினார்கள்! கொடுக்கல் வாங்கலில் நேர்மை ஜமாஅத்துக்குள் மட்டும் என்று எந்தக் கிதாபில் இருக்கிறது?

துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் வழக்கத்தையும் கேட்கிறார்கள். விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் தொகை தெளிவாகத் தெரிந்தால் வியாபாரம் செல்லும். தரகர் இவரிடம் ஒரு கணக்கும் அவரிடம் வேறு கணக்கும் பிடித்து, இடைத்தொகையைத் தாமே வைத்துக்கொண்டால் அது தரகுக் கூலியல்ல, மோசடி.

வழியில் மறித்து வாங்கியவர் இப்போது என்ன செய்வது? தவ்பா செய்தால் மட்டும் போதாது. அடியானின் ஹக்கு அடியானிடமே தீர வேண்டும். ஆடு அறுபட்டுக் கறி விற்றுப் போயிருந்தாலும் குறைத்த தொகை கடனாகவே நிற்கிறது. அந்த மூதாட்டி எந்த ஊரென்று சந்தையில் யாருக்காவது தெரிந்திருக்கும். அடுத்த வாரச் சந்தைக்கும் அவர் வரக்கூடும். அங்கே வைத்தே கொடுத்துவிடலாம்.