கொய்யும் கையும் நீர் வார்க்கும் கையும்

திருவிழா நாளில் எம்பெருமானைச் சேவித்து, தீர்த்தமும் திருத்துழாயும் பெற்று, சடாரி சாதிக்கப்பெற்று வெளியே வரும் அடியார்க்கு அன்றைய யாத்திரை நிறைவு பெற்றுவிடுகிறது. வாயிலிட்ட அவ்விலையின் காரமும் மணமும் கோபுர வாசல் வரை கூடவே வருகின்றன. ஆயினும் அந்த இலை அன்று விடியற்காலையில் எங்கே இருந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ஏதோ ஒரு நந்தவனத்தில், பனி உலராத ஒரு செடியில், அது உயிரோடு இருந்தது. ஒரு கை அதனைக் கொய்தது. உயிருள்ள ஒன்றினின்று இலையையும் பூவையும் பிரித்தெடுத்து இறைவனுக்குச் சமர்ப்பிப்பது எங்ஙனம் அறமாகும்? இவ்வினா குதர்க்கம் பேசுவோர் எழுப்புவது மட்டும் அன்று. பக்தி முதிர்ந்த உள்ளத்திலும் எழத்தக்கதே.

துளசி பெருமரமும் அன்று, கொடியும் அன்று. முழங்கால் அளவிலோ இடுப்பளவிலோ கிளைத்து நிற்கும் சிறு செடி அது. அடித்தண்டு நாளடைவில் கட்டைபோல் இறுகிவிடும். அது புதினாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. இளந்தண்டு நாற்சதுரமாக இருக்கும். இலைகள் இரண்டிரண்டாய் எதிரெதிரே அமைந்திருக்க, அடுத்த இணை குறுக்கே திரும்பி நிற்கும். கிளை நுனிகளில் எழும் கதிர்களில் சின்னஞ்சிறு பூக்கள் அடுக்கடுக்காய் மலர்கின்றன. ஒவ்வொரு பூவும் நான்கு விதைகள் வரை தரவல்லது. தேனீக்கள் அக்கதிர்களை விடாது சுற்றுகின்றன. இலையின் மேலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் மணமிகு எண்ணெய் தங்கியிருக்கிறது. கிராம்புக்கு மணம் தரும் யூஜினால் என்னும் பொருளே துளசியிலும் உண்டு. அன்புடன் தொடுபவன் விரலுக்கும், அலட்சியமாய்க் கசக்குபவன் விரலுக்கும் அது ஒரே மணத்தைத்தான் தருகிறது. வேறுபாடு செடியிடத்தில் இல்லை. தொடும் கையிடத்தில் இருக்கிறது.

மேற்கூறிய வினாவுக்கு எளிதாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. செடிக்கு உணர்வில்லை, ஆதலால் கொய்வதில் குற்றமில்லை என்பது ஒன்று. இவ்விடை வைணவனுக்குப் பொருந்தாது. தேவர், மனிதர், விலங்கு, தாவரம் என்னும் நால்வகைப் பிறப்பிலும் ஜீவாத்மா உறைகிறது என்பது அவன் ஏற்ற சித்தாந்தம். குலசேகராழ்வார் திருவேங்கட மலையில் குருகாகவும் மீனாகவும் செண்பக மரமாகவும் பிறக்க விரும்பினார். அரசராகப் பிறந்தவர் தாவரப் பிறவியை வேண்டினார் என்றால், அப்பிறவியை வெறும் பொருள் என்று தள்ளிவிட ஒண்ணாது.

மற்றொரு விடை, ‘இறைவனுக்காகச் செய்வதில் எதுவும் பாவமாகாது’ என்பது. இது கேட்பதற்குப் பக்திபோல் தோன்றினும் ஆராயுமிடத்து நில்லாது. உலகனைத்தும் எம்பெருமானுக்குச் சேஷம், அவனே சேஷி என்று நிலைநாட்டியவர் இராமாநுசர். அவ்வாறாயின் செடி கொய்பவனுடையது அன்று; அதுவும் பெருமாளுடையதே. தனக்கு உரிமையில்லாத ஒன்றை எடுத்து, உரியவனிடமே கொடுத்து, ‘யான் கொடுத்தேன்’ என்று மகிழ்வதில் என்ன பெருமை இருக்கிறது? உடையவன் பொருளைக் கையாளுபவன் தன் பொருளைக் கையாளுவதைக் காட்டிலும் மிகுதியாக அஞ்சியன்றோ கையாள வேண்டும்? ஆகவே இறைவனுக்காக என்ற சொல் பொறுப்பைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது.

இவ்விடத்தில் அநந்தாழ்வானின் சரிதம் நினைக்கத்தக்கது. திருவரங்கத்தில் இராமாநுசர் திருவாய்மொழிக்குப் பொருள் உரைத்துவருகையில், திருமலையில் நந்தவனம் அமைத்துப் புஷ்ப கைங்கர்யம் செய்ய யார் செல்வீர் என்று வினவினார். குளிரும் காடும் நிறைந்த மலை என்று பலரும் தயங்க, எழுந்து நின்றவர் அநந்தாழ்வான். அவர் திருமலையில் நந்தவனம் கண்டு, நீருக்கென ஏரியும் வெட்டினார் என்று குருபரம்பரைச் செய்திகள் கூறும். அவர் ஒருமுறை திருமலையினின்று பிரசாதம் கட்டிக்கொண்டு புறப்பட்டார். வழியில் அவிழ்த்தபோது அதனுள் எறும்புகள் இருக்கக் கண்டார். திருமலையிலேயே வாழ விரும்பிய பாகவதர்கள் எறும்பாய்ப் பிறந்திருக்கவும் கூடுமே, அவர்களைப் பிரித்துக் கொண்டுவந்துவிட்டோமே என்று வருந்தி, மீண்டும் மலையேறிச் சென்று அவ்வெறும்புகளை அங்கேயே விட்டுவந்தாராம்.

எறும்புக்காக மலையேறிய அக்கைதான் நாள்தோறும் செடிகளிலிருந்து இலையும் பூவும் கொய்தது. எறும்பின் உயிரை மதித்தவர் துளசியின் உயிரை மதியாதிருந்திருப்பாரோ? இல்லை. எனில், அவர் கொய்தது எத்தகைய கொய்தல் என்பதே அறிய வேண்டுவது.

முதலாவதாக, அது உழைத்தபின் கொய்தது. நிலம் திருத்தி, பாத்தி கட்டி, நீர் சுமந்து, களை நீக்கி, அதன்பின் அவர் கை செடிக்கு நீண்டது. திருவரங்கத்துத் தொண்டரடிப்பொடியாழ்வாரும் இவ்வழியினரே. அவர் பாடியருளிய திருமாலை, திருப்பள்ளியெழுச்சி ஆகிய இரண்டின் நிறைவிலும் தம்மைத் துளவத் தொண்டராகவே குறித்துக்கொள்கிறார். பாடியவர் என்ற பெருமையைக் காட்டிலும் துளவம் சுமந்தவர் என்ற அடையாளமே அவருக்கு உவப்பாயிருந்தது. வில்லிபுத்தூரில் பெரியாழ்வார் ஆண்டாளைக் கண்டெடுத்ததும் தாம் பேணி வளர்த்த நந்தவனத்துத் துளசியின் அடியிலேயே. கொய்வதற்கு மட்டும் தோட்டம் புகுந்தவருக்குக் கிட்டிய பேறு அன்று அது. செடியின் அடியைக் கொத்தி நீர் விட்டவருக்குக் கிட்டியது.

இரண்டாவதாக, அது வரம்புக்கு உட்பட்ட கொய்தல். இரவில் துளசியைத் தீண்டலாகாது, துவாதசியன்று கொய்யலாகாது, நகத்தால் கிள்ளிச் சிதைக்கலாகாது, வேரோடு பிடுங்குவதை நினைக்கவும் கூடாது என்பன பெரியோர் வகுத்த முறைகள். துவாதசிப் பாரணைக்குத் துளசி வேண்டும், கொய்யவோ கூடாது. ஆதலின் முன்னரே கொய்து வைத்திருத்தல் வேண்டும். துளசிக்கு நிர்மால்ய தோஷம் இல்லை, வாடியதும் ஏற்கத்தக்கது, புதிது கிடையாதவிடத்து முன்பு சாற்றியதையே நீரில் அலம்பிச் சாற்றலாம் என்றும் சொல்வர். மற்றைப் பூக்களுக்கு இல்லாத இச்சலுகை துளசியின் உயர்வைச் சொல்வது என்பர். அதனோடு மற்றொன்றும் இதில் அடங்கியிருக்கிறது. வாடியதும் போதும் என்று விதித்தால், இன்னும் ஓர் இலைக்காகச் செடியை நோக்கி ஓடும் கை நின்றுவிடுகிறது. வழிபாட்டின் பெயரால் செடி மொட்டையாகிவிடாமல் காக்கும் வேலி இவ்விதியே எனலாம்.

மூன்றாவதாக, அது செடியின் இயல்பை அறிந்து கொய்தது. நுனிக்கதிரைப் பதமாகக் கிள்ளினால் துளசி பக்கங்களில் கிளைத்துத் தழைக்கும். கதிரெல்லாம் முற்ற விட்டுவிட்டால் செடியின் வலிமை விதைக்குப் போய், இலை குறைந்துவிடும். ஆனால் எல்லாக் கதிர்களையும் கிள்ளிவிட்டாலோ விதையும் இல்லை, அடுத்த தலைமுறைச் செடியும் இல்லை, தேனீக்கும் உணவில்லை. எனவே கிள்ள வேண்டியதைக் கிள்ளி, ஓரிரு கதிர்களை முற்ற விடுவதே தோட்டம் அறிந்தவர் செயல்.

இவ்வளவு சொல்லியபின்னும் ஒன்று எஞ்சி நிற்கிறது. செடி மனமுவந்து தந்தது என்று கொய்தவன் சொல்லிவிட முடியாது. அதன் வாய் திறவாது. ஆகவே கொய்தல் முற்றிலும் குற்றமற்றது என்று தன்னைத் தேற்றிக்கொள்வதைவிட, அதைக் கடன் என்று கொள்வதே நேர்மை. காலையில் இலை எடுத்தவன் மாலையில் நீர் வார்க்கிறான். மறுநாள் மீண்டும் எடுக்கிறான், மீண்டும் வார்க்கிறான். கடன் தீர்வதில்லை. அது தீராதிருப்பதால்தான் கைங்கர்யமும் ஒரு நாளோடு முடியாமல் தொடர்கிறது. கடனை மறந்த கை கொய்தால் அது கவர்தல். கடனை நினைந்த கை கொய்தால் அது தொண்டு.

இன்று திருவிழாவுக்கு வரும் அன்பர்களில் பெரும்பாலோர் துளசி மாலையை வீதியில் விலைக்கு வாங்குபவர்களே. அதில் இழிவு ஒன்றுமில்லை; வளர்த்தவரும் தொடுத்தவரும் பிழைக்கிறார்கள். ஆனால் ஒரு முழம் போதுமிடத்தில் பத்து முழம் வாங்கி, பெருமாள் திருமேனியை எட்டாமலே அது பிராகாரத்தில் மிதிபட விடுவது பக்தியின் அளவைக் காட்டாது. கைப்பொருளின் அளவையே காட்டும். அயலார் வீட்டு மாடத்துத் துளசியைக் கேளாமல் ஒடித்து வந்து அர்ச்சனைக்குத் தருவதும், கோயில் நந்தவனத்துச் செடியை நினைவுக்கென்று கிள்ளிப் பையில் இட்டுக்கொள்வதும் அத்தகையனவே. ஒருவர் கிள்ளுவது ஓர் இலைதான். திருவிழாவுக்கு வருபவரோ ஒருவர் அல்லர்.

இலை, பூ, பழம், நீர் இவற்றுள் எதனை அன்புடன் அளித்தாலும் ஏற்பதாகக் கண்ணன் கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் அருளியுள்ளான். இலையும் பூவும் கிட்டாதவர்க்கும் அந்நான்கில் நீர் எஞ்சுகிறது. அதனைச் சந்நிதியில்தான் சேர்க்க வேண்டும் என்பதில்லை. அவன் உகந்த செடியின் வேரிலும் சேர்க்கலாம். ஊர் திரும்பிய அன்பர் வீட்டு முற்றத்திலோ, இடமில்லையேல் ஒரு தொட்டியிலோ முற்றிய கதிரின் விதையைத் தூவி, நாளும் ஒரு செம்பு நீர் வார்ப்பாராயின், உள்ளங்கையில் வாங்கிய ஓர் இலைக்கு அதுவே தக்க கைம்மாறு. அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு அவர் வரும்போது குடலையில் இருப்பது கொஞ்சமே ஆயினும், அவர் வளர்த்ததாய் இருக்கும்.