கொல்லாமையும் காவாமையும்

தீபாவளி விடியலில், வர்த்தமான பகவான் வீடுபேறு எய்திய நினைவாக நம் இல்லங்களில் விளக்கேற்றுகிறோம். அன்று பட்டாசு வெடிப்பதில்லை என உறுதி பூண்ட குடும்பங்கள் நம்முள் பல. வெடியொலிக்கு அஞ்சும் புள்ளினத்தையும் தீப்பொறியில் மடியும் சிற்றுயிர்களையும் எண்ணிச் செய்த உறுதி அது, போற்றத்தக்கது. ஆயினும், அவ்விளக்கை ஏற்றிய தீக்குச்சி எங்கிருந்து வந்தது? அதை அடுக்கிய கை யாருடையது? அக்கைக்குரியவள் சூலுற்றிருந்த காலத்தில் அவளுக்குத் துணை நின்றவர் யார்? இவ்வினாக்களை நாம் எழுப்புவதில்லை. கொல்லாமை என்னும் நம் தலையாய அறம், கொல்லாது ஒதுங்கி நிற்பதோடு முடிந்துவிடுகிறதா? அல்லது, காக்கத்தக்க உயிரைக் காவாது விடுதலும் அவ்வறத்திற்கு இழுக்காகுமா? இதுவே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

கழுகுமலைச் சிற்பங்களைத் தொழச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் விருதுநகரைக் கடந்தே செல்வர். விருதுநகரிலிருந்து தென்மேற்கே பிரியும் இருப்புப்பாதையில், சிவகாசிக்கு முன்னதாக உள்ளது திருத்தங்கல். குன்றின்மேல் நின்ற நாராயணப் பெருமாள் கோயில் கொண்ட பழம்பதி அது. 2021-இல் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்தது. மழை பொய்த்தால் விளைச்சல் பொய்க்கும் அம்மண்ணில், ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்று வந்த தீப்பெட்டித் தொழில் 1923-இல் வேர்கொண்டது. பட்டாசுத் தொழில் அதனைத் தொடர்ந்தது. இந்நாட்டில் வெடிக்கப்படும் பட்டாசில் மிகப் பெரும்பங்கு இவ்வட்டாரத்தில் உருவாவதே. தொழிற்சாலையை அவ்வூரார் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றும் 'பட்டாசு ஆபீஸ்' என்றும் வழங்குவர். கட்டை அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், குழாய் உருட்டுதல் ஆகிய வேலைகளில் பெண்களே மிகுதி. கூலியோ பெரும்பாலும் எண்ணிக்கைக் கணக்கு. எத்தனை அடுக்கினாளோ அத்தனைக்கே காசு.

அவ்வூர்ப் பேச்சில் வெடியுப்புக் கலவைக்குப் பெயர் 'மருந்து'. பிணி தீர்ப்பதும் மருந்து. வெடித்து உயிர் குடிப்பதும் மருந்து. முன்னது அவள் வாழும் தெருவுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. பின்னதோ தொழில் தொடங்கிய நாள்முதலே அவள் அருகில் இருந்துவருகிறது.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். நாடே அறிந்து வருந்தியது. ஆனால், பேறுகாலத்தில் ஒருத்தி உதிரம் பெருகி இறப்பாளாயின் அச்செய்தி அவள் தெருவைத் தாண்டுவதில்லை. ஒவ்வொருத்தியாக, ஓசையின்றி நிகழ்வதால் அம்மரணம் நம் கண்ணில் படுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2023-ஆம் ஆண்டில் கருவுற்ற காலத்திலும் பேற்றின்போதும் அதன் பின்னரும் உலகெங்கும் இறந்த பெண்கள் ஏறத்தாழ 2,60,000 பேர். நாளொன்றுக்கு 700-க்கும் மேல். அவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றிருவர் வருவாய் குறைந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள். காரணங்களோ புதியன அல்ல: மிகு உதிரப்போக்கு, இரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பு, நச்சுத்தொற்று. இவற்றுள் பெரும்பாலானவற்றைத் தடுக்கும் வழியை மருத்துவம் நெடுங்காலமாக அறியும். ஆக்சிடோசின் ஊசியும் மக்னீசியம் சல்பேட்டும் விலையுயர்ந்த மருந்துகளும் அல்ல. எனவே அவர்கள் மருந்தின்மையால் இறந்தார்கள் என்பதைவிட, மருந்து உரிய பொழுதில் அவர்களை எட்டாமையால் இறந்தார்கள் என்பதே பொருந்தும்.

இங்கே நம்முள் சிலர் ஒரு தடை எழுப்பக்கூடும். "ஆயுள் கர்மம் தீர்ந்தது, உயிர் பிரிந்தது. இதில் பிறர் செய்யத்தக்கது யாது?" என்பர். இதனை எளிதில் தள்ளிவிடுதல் தகாது. வினைக்கொள்கை நம் சமயத்தின் முதுகெலும்பு. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். 2001-03-இல் தமிழ்நாட்டில் உயிருடன் பிறந்த குழந்தைகள் ஒரு லட்சத்துக்கு இறந்த தாய்மார் 134 பேர். 2018-20-இல் அவ்வெண் 54. அதே காலத்தில் இந்தியா முழுமைக்குமான எண் 301-இலிருந்து 97 ஆயிற்று. இருபது ஆண்டுக்குள் தமிழ்ப் பெண்டிரின் ஆயுள் கர்மம் ஒருசேர மாறிற்று என்போமா? மாறியவை வேறு. 1994-இல் தொடங்கி, இறந்த ஒவ்வொரு தாயின் இறப்பும் ஏன் நேர்ந்தது என விசாரிக்கும் முறை இம்மாநிலத்தில் வந்தது. மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் மருத்துவப் பணிகள் கழகம் அதே ஆண்டில் அமைந்தது. 1999 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியர் இருக்கும் ஏற்பாடு படிப்படியாகப் பரவியது. 2008-இல் 108 ஊர்தி வந்தது. வினைக்கொள்கை என் செயலுக்கு நானே பொறுப்பு என்று எனக்கு உணர்த்த வந்தது. பிறர் துயருக்கு நான் பொறுப்பல்லேன் என்று தப்புவதற்கு வந்ததன்று.

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சையை எவ்வாறு வரையறுக்கிறது என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். உயிர்ப்பிரிவு நேர்ந்ததா என்பதை மட்டும் அது நோக்கவில்லை. பிரமாதம், அஃதாவது விழிப்பின்மையும் அசட்டையும், அவ்வுயிர்ப்பிரிவுக்குப் பின்னே இருந்ததா என்று வினவுகிறது. தானே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூவகையாலும் வினை சேரும் என்பதும் நாம் சிறுவயது முதல் கேட்டு வருவதே. பேறுகால மரணங்களை ஆய்ந்தோர் 1994-இல் மூன்று தாமதங்களை எடுத்துரைத்தனர். மருத்துவரிடம் செல்வது என முடிவெடுப்பதில் தாமதம். மருத்துவமனையைச் சென்றடைவதில் தாமதம். சென்றபின் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம். முதலாவது குடும்பத்தின் பிரமாதம். இரண்டாவது ஊரின் பிரமாதம். மூன்றாவது அரசின் பிரமாதம். ஒருவரும் கத்தியெடுக்கவில்லை. ஆயினும் ஓர் உயிர், சில வேளை ஈருயிர், பிரிகிறது. பார்த்திருந்தும் வாளாவிருந்த நாம் 'உடன்பட்டார்' பட்டியலில் இல்லை என்று துணிந்து கூற இயலுமா?

நம்மவர் மிகுதியாக வாழும் திண்டிவனத்திலேயே இதற்கொரு சான்று உண்டு. 1890-களில், மருத்துவத் தொண்டரான தந்தையுடன் அங்குத் தங்கியிருந்த அமெரிக்க இளம்பெண் ஐடா ஸ்கடரிடம் ஒரே இரவில் மூவர் வந்தனர். மூவர் மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தனர். ஆண் மருத்துவர் தம் பெண்டிரைத் தொடுதல் ஆகாது எனக் கருதி, அப்பெண்ணையே அழைத்தனர். அவளோ மருத்துவம் அறியாதவள். விடிவதற்குள் மூவரும் இறந்தனர். மூன்று கணவரும் கொடியவர் அல்லர். தத்தம் மரபில் ஒழுக்கமுடையவர்களே. ஒழுக்கம் எனக் கருதியதே அங்கே தடையாயிற்று. அவ்விரவு அப்பெண்ணை மருத்துவராக்கி, பின்னாளில் வேலூரில் பெரும் மருத்துவமனை எழக் காரணமாயிற்று. நம் அண்டை வீடுகளில் நிகழ்ந்த துயரத்துக்கு விடை தேடும் பொறுப்பைக் கடல் கடந்து வந்தவள் ஏற்றாள் என்பது நாம் நாணத்தோடு நினைக்க வேண்டியது.

இனி, உதவி என்பது தானமா, கடனா என்னும் வினா. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நால்வகைத் தானத்தை நம் ஆன்றோர் வகுத்தனர். பேறுகால மருத்துவத்தில் ஔடதமும் அபயமும் ஒருங்கே அமைகின்றன. அதனைத் தானம் என்பது தகும். ஆனால் திருத்தங்கலே இதற்கு இன்னும் கூர்மையான விடை தருகிறது. சிலப்பதிகாரத்தின் கட்டுரைக் காதையில் வரும் தங்கால் என்னும் ஊர் இதுவே என்பர். அவ்வூர் வார்த்திகன் என்பானின் மகனுக்குப் பராசரன் அணிகலன் பரிசளித்தான். அதனைப் புதையல் கவர்ந்தது எனப் பிழைபடக் கருதிய அரச ஊழியர் வார்த்திகனைச் சிறையிட்டனர். அவன் மனைவி கார்த்திகை நிலத்தில் வீழ்ந்து அழுதாள். அப்போது கொற்றவை கோயில் கதவம் திறவாது நின்றது. தன் ஆட்சியில் எங்கோ பிழை நேர்ந்தது என்று பாண்டியன் உணர்ந்தான், உண்மை அறிந்தான், வார்த்திகனை விடுவித்துப் பொறுத்தருள வேண்டினான், தங்காலையும் வயலூரையும் அளித்தான். அரசன் அளித்தது கொடை அன்று. பிழைக்குச் செலுத்திய ஈடு. ஏழைப் பெண்ணொருத்தியின் கண்ணீர் நாட்டின் கணக்கில் ஏறிய கடன் என்பதை அவன் அறிந்திருந்தான்.

தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கும் பெண்ணுக்கும் இது பொருந்தும். அவள் உழைப்பின் ஒளி நம் பூசையறையில் உள்ளது. அதற்குரிய ஈடு நம் தயவு அன்று. சட்டமும் அவ்வாறே எண்ணிற்று. 1948-இன் ஈ.எஸ்.ஐ. சட்டமும் 1961-இன் மகப்பேறு நலச் சட்டமும் கூலியோடு கூடிய ஓய்வை உரிமையாக்கின. 2017-இல் அவ்வோய்வு 26 வாரமாக உயர்ந்தது. சிவகாசியில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையும் உண்டு. ஆனால் வீட்டில் அமர்ந்து பெட்டி ஒட்டுபவளும், பதிவேட்டில் பெயர் ஏறாதவளும் அவ்வுரிமையின் வாயிலுக்கு வெளியே நிற்கின்றனர். இலவச மருத்துவமனையும் அவளுக்கு முற்றும் இலவசமன்று. பரிசோதனைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் ஒருநாள் கூலி இழப்பு. இதனை உணர்ந்தே, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயர் தாங்கிய மகப்பேற்று உதவித் திட்டம் 1987-இல் தொடங்கியது. உதவித்தொகை 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ரூபாயாகவும், 2018-இல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. வறியவளுக்கு மருந்தோடு ஓய்வும் உணவும் வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்ட திட்டம் அது.

இன்னும் எஞ்சியுள்ளவை பல. 2019-21-இன் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகக் கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு 48 பேர் இரத்தசோகை உடையோர். தனியார் மருத்துவமனைப் பேறுகளில் நூற்றுக்கு 64 அறுவை வழியானவை. அவற்றின் செலவு கடனாய்ப் பல குடும்பங்களை அழுத்துகிறது. இரு பேற்றுக்கு இடையே போதிய காலம் விடுதலும், எத்தனை மக்கள் என முடிவு செய்தலும் அவள் விருப்பத்தோடு நிகழ வேண்டியவை. கருத்தடைச் சுமை முழுவதையும் அவள் உடலிலேயே ஏற்றுதலும் நெறியன்று. புலனடக்கம் போதிக்கும் மரபில் வந்த ஆடவர்க்கு இதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நாம் செய்யத்தக்கவை அரியன அல்ல. திருத்தங்கல் நமக்குத் தொலைவு எனலாம். நம் வயலில் நாற்று நடுபவள் தொலைவு அல்லள். அவள் கருவுற்றால் பரிசோதனை நாளுக்குக் கூலி பிடிக்காதிருத்தல், உரிய உதவித்தொகைக்கு அவள் பெயரைப் பதிவு செய்வித்தல், நள்ளிரவில் நம் வண்டியை ஈதல், நம் இளைஞர் குருதிக்கொடை அளித்தல் ஆகியன இல்லறத்தார்க்கு எளியவை. கடையிலும் ஆலையிலும் பெண்களை வேலைக்கு வைத்திருப்போர், அவர்கள் பெயர் பதிவேட்டில் உள்ளதா என இன்றே பார்த்தல் வேண்டும்.

வரும் தீபாவளியன்றும் நாம் பட்டாசு வெடிக்கப் போவதில்லை. சிற்றுயிர்க்கு இரங்கும் அந்நெஞ்சம், தீக்குச்சியை உரசும் அக்கணத்தில் அதனை அடுக்கிய கையையும் நினைக்குமாக. கொல்லாதிருத்தல் அறத்தின் வாயில். காத்தலே அதன் உள்ளிடம்.