வாயில்லா ஜீவனின் சம்மதம்

சேதராப்பட்டில் தெருநாய்களுக்கும் பூனைகளுக்கும் கருத்தடை செய்யத் தற்காலிகமாக ஒரு முகாம் போட்டிருந்தார்கள். தொண்டு செய்யப் போனவர்களில் நானும் ஒருவன். மயக்கம் தெளியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது என் வேலை.

ஒரு பெட்டை நாய் கோணியின்மேல் கிடந்தது. காதில், ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாகச் சிறு வெட்டு. கண் விழித்ததும் என் கையை நக்கியது. எனக்குச் சுருக்கென்றது. இதனிடம் யார் சம்மதம் கேட்டோம்? தாய்மையைப் பறிக்க நமக்கு என்ன உரிமை?

லேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல இது. ஆனால், இதற்கு முன் நாம் செய்துவந்ததையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னை மாநகராட்சி 1996 வரை தெருநாய்களைப் பிடித்துக் கொன்றது. கொன்றும் அவை ஒழியவில்லை. காலியான தெருவுக்கு வேறு நாய்கள் வந்தன. கொல்வதை விட்டுக் கருத்தடை செய்யுங்கள் என்று 'புளூ கிராஸ்' 1960-களிலிருந்தே மன்றாடியது. அது காதில் விழ முப்பது ஆண்டுகள் ஆயின. கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று 2001-ல் நாடு முழுமைக்கும் விதி வந்தது.

ஈன்ற குட்டிகள் ஒவ்வொன்றாய்த் தொழிற்பேட்டை லாரிகளில் அடிபடுவதைப் பார்த்து நிற்பதும் தாய்மைதானா? ஆகவே, செய்தது சரி என்றே நம்புகிறேன். ஆயினும் சிறிய கொடுமையைச் செய்தவன் அதைப் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்ளலாகாது. கடன் கணக்கில்தான் எழுத வேண்டும்.

காயம் ஆறியபின் அதை அதன் தெருவில் விட்டோம். "இனிமே குட்டி போடாதில்லே? பாவம்!" என்றாள் ஒரு கிழவி. சொல்லிக்கொண்டே பழஞ்சோற்றை எடுத்து வந்து வைத்தாள்.