இயல்பும் விழிப்பும்

மனித மனம் இருக்குமிடத்தில் இருப்பது அரிது. திருவிழாக் காண வந்த அன்பரின் கண்கள் தேரை நோக்கியிருக்க, உள்ளமோ நேற்றுக் கேட்ட சுடுசொல்லையும் நாளை வரும் செலவையும் சுற்றித் திரிவது நாம் அறிந்ததே. இவ்வாறு அலைவது பிறவி இயல்பு எனில், அவ்வியல்போடு வாழும் ஒருவர் மனநலம் பெறுவது எங்ஙனம்?

இவ்வலைச்சலை அளந்து பார்த்தோரும் உளர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் ஆகிய இருவரும் 2,250 பேரை அன்றாட வேலைகளுக்கிடையே கைப்பேசி வாயிலாக வினவி, 2010-ஆம் ஆண்டில் தம் ஆய்வை வெளியிட்டனர். வினவிய வேளைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 47-இல் அவர்களது மனம் செய்யும் செயலில் இல்லை. இன்பமான நினைவுகளில் திரிந்தபோதுகூட, செயலில் ஒன்றியிருந்த வேளையைவிட மிகுந்த மகிழ்ச்சி அவர்களுக்கு வாய்க்கவில்லை.

நிகழும் கணத்தில் மனத்தை நிறுத்தி, எழும் எண்ணங்களை வெறுக்காமலும் பற்றாமலும் நோக்குதலை விழிப்புணர்வு என்பர். பௌத்தர்கள் இதனைப் பாலி மொழியில் 'ஸதி' என்றனர். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-ஜின் என்பார், நாட்பட்ட நோவுடையோர்க்கு இதனைப் பயிற்சியாக வகுத்தார். அப்பயிற்சி எட்டு வாரங்கள் நடைபெறுவது.

இனிக் குணத்தைப் பற்றிய வினாவுக்கு வருவோம். உளவியலார் குணங்களை ஐந்து பெருங்கூறுகளாகப் பகுப்பர். எளிதில் கவலையும் கலக்கமும் கொள்ளும் தன்மை அவற்றுள் ஒன்று. கடமையில் கருத்தூன்றும் தன்மை மற்றொன்று. விழிப்பு மிக்கோரிடம் முன்னது குறைந்தும் பின்னது மிகுந்தும் காணப்படுவதை 2009-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று எடுத்துரைத்தது. ஆயினும், விழிப்பினால் கலக்கம் குறைந்ததா, கலக்கம் குறைந்தவர்க்கே விழிப்பு எளிதில் கைகூடிற்றா என்பதை இவ்வுறவை மட்டும் கொண்டு முடிவு செய்தல் இயலாது.

ஈண்டு அறநோக்கில் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. பிறவியிலேயே சாந்தமானவர்க்கு அச்சாந்தம் ஒரு பேறு. அவர் அதனைச் சாதனையாகக் கொள்ளுதல் பொருந்தாது. அவ்வாறே, இயல்பாகக் கலங்கும் நெஞ்சினரைக் குற்றவாளியாகக் கருதுவதும் தகாது. "உன் குணமே அப்படி" என்று வீட்டார் இகழும்போது அவர்தம் சுமை இரட்டிப்பாகிறது. சினம் எழுதல் இயல்பு. எழுந்தது சினம் என்று அக்கணமே அறிதல் விழிப்பு. அவ்வறிதலுக்கும் வாய் திறத்தலுக்கும் இடையே ஒரு மூச்சளவு இடைவெளி பிறக்கிறது. நம் பொறுப்புத் தொடங்குவது அவ்விடத்திலேதான்.

ஆகவே, குணம் முழுதும் மாறிய பின்னரே நலம் வரும் என்று காத்திருத்தல் வேண்டா. உண்ணும்போது உண்பதிலும், வீட்டார் பேசும்போது அவர்தம் சொல்லிலும் கருத்தை வைத்துத் தொடங்கலாம். மனம் நூறு முறை விலகினும், நூற்றோராவது முறையும் கடிந்துகொள்ளாமல் அழைத்து வருதலே பயிற்சி. கடுந்துயரும் உறக்கமின்மையும் நீடிக்குமாயின் மருத்துவரை நாடுதலே முறை. பயிற்சி அதற்கு மாற்றாகாது. கலங்கும் இயல்பினரை இகழாமல், அவர் மனம் தெளியும் வரை உடனிருந்து பொறுத்தல் சுற்றத்தார் கடன் என்பதை அன்பர்கள் உள்ளத்தில் கொள்வார்களாக.