அருவியின் அழகு யாருக்கு உரியது?



சென்ற பூரணைக் கூட்டம் முடிந்தபின் உபாசகர் ஒருவர் நம்மை அணுகி ஒரு வினா எழுப்பினார். அவருடைய மைந்தர் உல்லாசப் பயணக் கப்பலொன்றின் சலவைப் பிரிவில் ஊழியம் செய்கின்றார். அக்கப்பல் கோடைக் காலத்தில் நார்வே நாட்டிற்குச் செல்லும். மக்கள் குடும்பம் குடும்பமாக மேல்தளத்தில் நின்று, செங்குத்தான மலைகளையும் அவற்றினின்று வீழும் அருவிகளையும் கண்டு களிப்பர். மைந்தரோ அவ்வேளையில் கீழ்த்தளத்தில் அவர்தம் துண்டுகளைத் துவைத்துக் கொண்டிருப்பார். "பல முறை அவ்வழியே சென்றும் ஒரே முறைதான் அருவியைக் கண்டானாம். ஐயா, அழகும் பணம் படைத்தோர்க்கே உரியதோ? ஆசையை அகற்றச் சொல்லும் நம் தம்மம் இதற்கு யாது சொல்லும்?" என்றார் அவர். ஆலையின் இரைச்சலில் பல்லாண்டு கழித்த நமக்கு அவ்வினா நெஞ்சில் தைத்தது.

முதற்கண் அவ்விடத்தின் இயல்பை அறிவோம். பனியூழிகளில் பனியாறுகள் மலைகளை அரித்து ஆழ்ந்த பள்ளத்தாக்குகளை ஆக்கின. பனி விலகியபின் கடல்நீர் அவற்றுட் புகுந்தது. இவற்றையே ஃபியோர்டு என்பர். சோங்னே ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நீளமும் 1,300 மீட்டர் ஆழமும் உடையது. கெய்ராங்கர் ஃபியோர்டு 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. 'ஏழு சகோதரிகள்' எனப்படும் அருவி அங்கே ஏறத்தாழ 250 மீட்டர் உயரத்தினின்று பல கிளைகளாக வீழ்கின்றது.

இத்தகைய காட்சியில் மகிழ்தல் குற்றமா? அன்று. பகவன் புத்தர் பரிநிர்வாணத்திற்குச் சில திங்கள் முன்னர், வைசாலியின் இனிமையை ஆனந்தருக்கு எடுத்துரைத்தார். கடுந்தவமுடைய மகாகாசியபர் மலைகளைக் கண்டு மகிழ்ந்து பாடியவற்றைத் தேரகாதை காத்து வைத்திருக்கின்றது. கண்டு மகிழ்தல் வேறு, பற்றிக்கொள்ளுதல் வேறு. ஒரு பொருளின் சுவை, அதிலுள்ள தீங்கு, அதனின்று விடுபடும் வழி ஆகிய மூன்றையும் காண்பவனே அதனை முழுதும் கண்டவனாவான் என்பது நம் தம்மத்தின் துணிபு.

கப்பலில் நிற்கும் குடும்பம் சுவையைக் காண்கின்றது. தீங்கைக் காண்கின்றதா? அவ்வருவியின் அருகே க்னீவ்ஸ்ஃப்ளோ என்னும் மலைப் பண்ணை உண்டு. மேலே தொங்கும் பாறைக்கு அஞ்சி உழவர்கள் அதனை 1898-இல் கைவிட்டனர். எதிர்க்கரையிலுள்ள ஸ்காகெஃப்ளோ பண்ணையும் 1916-இல் ஆளற்றுப் போயிற்று. அருவியின் அழகு அவ்வுழவர்க்குச் சோறிடவில்லை. 1934 ஏப்ரல் 7-ஆம் நாள் தாஃபியோர்டில் மலைச்சரிவு நீரில் வீழ்ந்து எழுப்பிய பேரலையால் 40 பேர் மாண்டனர். இன்றும் ஓக்கர்நெசெட் மலையின் பிளவை இரவும் பகலும் கருவிகளால் கண்காணித்து வருகின்றனர். நிலையாமையை உணர இதனினும் சான்று வேண்டுமோ?

தீங்கு மலையில் மட்டும் இல்லை, கப்பலின் அடியிலும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, ஒருவரிடம் 24 மணி நேரத்தில் 14 மணியும், ஏழு நாளில் 72 மணியும் வரை வேலை வாங்க இடந்தருகின்றது. பாபாசாகேப் அம்பேத்கர் தொழிலுறுப்பினராக இருந்தபோது, 1946-இல், இந்திய ஆலைகளின் வார வேலை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கப்பெற்றது. அதன் அருமையை உடலால் அறிந்தவர் நாம்.

இனி, விடுபடும் வழி யாது? கண்ணை மூடிக்கொள்வது வழியன்று. "எனக்கு இல்லையே" என்று புழுங்குவதும் வழியன்று, அதுவும் பற்றே. சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குப் பகவன், ஊழியரைப் பேணும் கடமைகள் ஐந்தினை உணர்த்தினார். வலிமைக்கேற்ற வேலை தருதல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயில் பேணுதல், சுவைமிக்க பண்டம் கிடைத்தால் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வளித்தல் என்பன அவை. நான்காவதை உற்று நோக்குங்கள். கூலி கொடுத்ததோடு கடன் தீர்ந்தது என்று பகவன் சொல்லவில்லை. அருவியும் ஒரு சுவைப் பண்டமே. கப்பல் அதனருகே செல்லும்போது கீழ்த்தளத்தாரை முறை வைத்து மேலே அழைத்துக் கால்மணி நேரம் நிற்கவிட்டால், அருவியின் நீர் குறைந்துவிடுமோ? எவருக்கும் உடைமையாகாத அழகைப் பகிர மறுப்பது உலோபத்தினும் கொடிய மோகம். காணும் குடும்பத்தார் மேல் குற்றமில்லை. தம் மகிழ்ச்சியைத் தாங்கும் கைகளைக் காணாதிருத்தலே குற்றம்.

ஆயினும் பிறரை நோக்கிச் சுட்டிய விரலை நம்மை நோக்கியும் திருப்புதல் வேண்டும். பூரணைதோறும் நாம் தம்மம் உரைக்கும்போது அடுக்களையில் அன்னம் சமைக்கும் தாய்மார் அதனைக் கேட்பதில்லை. பல்லாண்டுகள் நாமும் அதனைக் கவனியாதிருந்தோம். நம் சங்கத்திலும் ஒரு கீழ்த்தளம் உண்டு என்பதை அந்த உபாசகரின் வினாவே நமக்கு உணர்த்தியது. வரும் பூரணை முதல் சமையல் முடிந்து தாய்மார் வந்து அமர்ந்த பின்னரே உரை தொடங்கும். ஏனங்களை ஆடவரும் கழுவுவர்.

அந்த மைந்தருக்கு நாம் சொல்லியனுப்பியது இதுவே: "தம்பி, நீ ஒருமுறை கண்ட அருவி உனக்கும் உரியதே. அதனை எண்ணி ஏங்காதே, மகிழ்ந்து நினை. நாளை நீ மேலாளனாகும் காலம் வந்தால், உன் கீழுள்ளாரை மேல்தளத்திற்கு அழைத்துச் செல்ல மறவாதே."