ஒற்றைச் சாட்சி

தொல்பொருள் ஆராய்ச்சி என்றதும் நம்மில் பலருக்குப் புதையல் ஞாபகந்தான் வருகிறது. அந்த உத்தியோகத்தில் இருப்பவர்களின் நாட்களோ பெரும்பாலும் கரணையும் தூரிகையும் பிடித்து மண்ணைச் சுரண்டுவதிலும், பானை ஓடுகளைக் கழுவி எண் போடுவதிலும், நோட்டுப் புத்தகத்தை நிரப்புவதிலுமே கழிகின்றன. சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் அதற்குள் ஒரு தர்மப் பிரச்னை ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு காசு எந்த ராஜாவுடையது என்பதைக் காசே சொல்லிவிடும். அது எந்த மண்ணடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதை மண்தான் சொல்ல வேண்டும். மண்ணை அள்ளிவிட்டால் அந்தச் சேதி போயிற்று. படிக்கப் படிக்கப் பொடியாகும் ஏட்டுச் சுவடி அது. ரசாயன சாஸ்திரி தம் பரிசோதனையை நாளைக்கும் செய்து காட்டலாம். தோண்டிய குழியை மறுபடி தோண்ட முடியாது. தோண்டியவரின் குறிப்பு ஒன்றே சாட்சி.

தன்னைத் தவிர வேறு சாட்சி இல்லாத இடத்தில் மனிதன் எதற்காக உண்மையாக இருக்க வேண்டும்?

ஜப்பானில் ஷினிச்சி ஃபுஜிமுரா என்று ஒருவர். அவர் தொட்ட இடமெல்லாம் ஆதி மனிதனின் கற்கருவிகள் கிடைத்தன. 'தெய்வத்தின் கை' என்று கொண்டாடினார்கள். 2000-ஆம் ஆண்டு நவம்பரில், அவரே கற்கருவிகளைக் குழியில் புதைக்கும் படத்தை மைனிச்சி பத்திரிகை வெளியிட்டது. குழியிலிருந்து அவர் எதையும் திருடவில்லை. உள்ளே வைத்தார், அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகள் படித்த சரித்திரமே களவு போயிற்று. பாடப் புத்தகங்களைத் திருத்த வேண்டியதாயிற்று.

இத்தனை பெரிய மோசடிக்கு எல்லோருக்கும் துணிவு வராது. சின்னச் சபலங்கள்தாம் தினமும் வருபவை. வெயில் தாழும் நேரத்தில் இரண்டு கூடைகளின் சீட்டுகள் மாறிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இடம் தெரியாது' என்று எழுதினால் ஒரு நாள் உழைப்பு வீண். ஊகித்து ஓர் எண்ணைப் போட்டுவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? கதை எழுதும் நான் ஊகத்தாலேயே பிழைக்கிறேன். நீங்களும் அதற்குச் சம்மதித்துத்தான் படிக்கிறீர்கள். அவருக்கு அந்தச் சம்மதத்தை யாரும் தரவில்லை.

புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். அங்கே கிடைத்த ரோமாபுரிப் பாண்டங்களின் ஓடுகளைக் கொண்டு ஊரின் காலத்தைக் கணித்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அங்கே மீண்டும் அகழ்ந்தார். வீலர் எண்ணியதற்கு முன்பே அந்த ஊர் தோன்றிவிட்டது, பின்னும் நெடுங்காலம் அங்கே மக்கள் வாழ்ந்தார்கள் என்று காட்டினார். இதில் வீலருக்கு அவமானம் ஏது? எந்த அடுக்கில் எது கிடைத்தது என்று அவர் எழுதி வைத்திருந்தார். தோண்டாத நிலமும் மீதியிருந்தது. தப்பான முடிவைப் பின்னால் வருகிறவர் திருத்தலாம். பொய்க் குறிப்பை எதைக்கொண்டு திருத்துவது?

என் கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன். செத்தவர்கள் மறுத்துப் பேச வரமாட்டார்கள். இனிப் பிறக்கப் போகிறவர்கள் இன்றைக்கு வந்து விசாரிக்க மாட்டார்கள். இருவரும் ஒரே மனிதரை நம்பியிருக்கிறார்கள்.

உங்கள் மகனோ மகளோ இந்த உத்தியோகத்துக்குப் போகிறேன் என்றால், சம்பளம் என்னவென்று கேளுங்கள்; தப்பில்லை. சீட்டு மாறிப்போன சாயங்காலத்தில் அந்தப் பிள்ளை என்ன எழுதும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.